மூன்றாவது குறுக்குத் தெருவில் எதுவும் மக்காத வருஷம்

ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணிக்குக் குப்பை வண்டி ஐம்பத்தெட்டு வீட்டு வாசலிலும் நின்று போன பிறகு, கொளத்தூர் அன்னை நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் இனி எதுவும் மக்குவதில்லை என்று ஆகிவிட்டது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியவில்லை. மக்குவதும் சரி, மக்காமல் கிடப்பதும் சரி, சத்தம் போட்டுக்கொண்டு நடக்கிற காரியம் இல்லை. ஐந்தாறு நாள் கழித்து யாராவது மூடியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் செல்லக்கனி. தபால் பிரிப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் நின்றபடியே வேலை பார்த்து, எந்தக் கடிதம் எந்த ஊர்க் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கை தானாகவே செய்கிற அளவுக்குப் பழகி, ஓய்வு பெற்ற மறுமாதமே கை சும்மா இருக்கமாட்டேன் என்று அரித்ததால் தெருக் குப்பையைப் பிரிக்க வந்தவள். கூட வந்தவள் ஒன்பதாம் நம்பர் வீட்டு ரேணுகா. முன்பு தெருக்கோடியில் மாநகராட்சியின் இரும்புத் தொட்டி ஒன்று நின்றது. நாயும் மாடும் காக்காயும் அதில் முறைவைத்து வேலை பார்த்தன. அதை எடுக்கவைத்து, அந்த இடத்தில் காற்றுப் போக ஓட்டை விட்டு நாலு செங்கல் தொட்டி கட்டவைத்து, ஈரக்குப்பைக்குப் பச்சை வாளி, உலர் குப்பைக்கு நீல வாளி என்று வீடு வீடாகக் கெஞ்சி, அதட்டி, சில வீட்டில் இரண்டு வேளைக் காபி குடித்து, கடைசியில் ஐம்பத்தெட்டு வீட்டையும் வழிக்குக் கொண்டுவந்தவர்கள் இந்த இரண்டு பெண்கள்தான். செல்லக்கனி அதட்டுவாள், ரேணுகா கெஞ்சுவாள். அதட்டினதால் பயந்தவர்கள் பாதி, கெஞ்சினதால் வெட்கப்பட்டவர்கள் மீதி.

அந்தத் தெருவுக்கு ஒரு சட்டம் உண்டு. பச்சை வாளியில் பிளாஸ்டிக்கோ மருந்து அட்டையோ கலந்திருந்தால் வாளி அப்படியே வாசலுக்குத் திரும்பிப் போகும். வீட்டு கேட்டில் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கும். மூன்று நாள் தொங்கும். "அன்புடையீர், இன்று உங்கள் வாளி கலந்திருந்தது. பிரித்துத் தரவும். நன்றி" என்று அந்தச் சீட்டில் இருக்கும். அச்சடித்தது இல்லை. ரேணுகாவுக்கு முத்து முத்தான கையெழுத்து. மழைக்காலத்து மத்தியானங்களில் உட்கார்ந்து நூறு நூறாக எழுதி ரப்பர் பேண்டு போட்டு செல்லக்கனியிடம் கொடுத்துவிடுவாள். யார் வீடாக இருந்தாலும் விடுவதில்லை என்பதில் இருவருக்கும் கொஞ்சம் கர்வமே இருந்தது. வட்டச் செயலாளரின் மச்சினர் வீட்டு கேட்டில்கூட அந்த முத்துக் கையெழுத்து மூன்று நாள் ஆடியிருக்கிறது.

ரேணுகாவின் கணவர் சங்கரன் நாலு வருஷம் சிறுநீரகத்தோடு மல்லுக்கட்டிவிட்டு அந்த ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை போய்ச்சேர்ந்தார். புதன்கிழமை பால் தெளித்தார்கள். வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, கையில் அகப்பட்டதையெல்லாம் கையில் அகப்பட்ட வாளியில் போட்டார்கள். நைலான் நூலில் ஜரிகை சுற்றிக் கட்டிய ரோஜா மாலைகள், துளசி, எலுமிச்சம்பழம், டீ குடித்த பிளாஸ்டிக் கப்புகள், பாதி மாத்திரை இருந்த அட்டைகள், பஞ்சு. அது பச்சை வாளி. வியாழக்கிழமை காலையில் அது வாசலில் இருந்தது.

குப்பை வண்டி தள்ளுகிற தேசம்மா மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினாள். "சாவு வூட்டு வாளிம்மா. நானே ஓரமா குந்தி பிரிச்சுக்கறேன், நீ கண்டுக்காத" என்றாள்.

செல்லக்கனிக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றியதைச் செய்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் எதிர்வீட்டு மாடியில் வக்கீல் தட்சிணாமூர்த்தி காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். பேத்தி பிறந்த வீட்டில் ஒருநாள் டயபர் கலந்துவிட்டது என்று போன வாரம்தான் அவர் வீட்டு கேட்டில் சீட்டு தொங்கியது. அவர் தெருவே கேட்கக் கத்தியிருந்தார். இப்போது கத்தவில்லை. மெதுவாக, மரியாதையாகக் கேட்டார்: "என்னம்மா, ஒம்பதாம் நம்பருக்கு மட்டும் தனிச் சட்டமா?"

செல்லக்கனிக்கு முகம் சூடாகிவிட்டது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கடிதத்தைக்கூட முகம் பார்த்துப் பிரித்தவள் இல்லை அவள். பையிலிருந்து ஒரு சீட்டை உருவி தேசம்மாவிடம் நீட்டி, "மாட்டு" என்றாள். தேசம்மா அவளைப் பார்த்தாள். "மாட்டுன்னா மாட்டு." தேசம்மா மாட்டினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போது அதைப் படித்தார்கள். பத்து மணி வாக்கில் ரேணுகாவே வெளியே வந்து, தன் கையெழுத்தைத் தானே ஒருமுறை படித்து, கழற்றி, இரண்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். 

மறுநாள் காலையில் வண்டியோடு வந்த தேசம்மா, ஒன்பதாம் நம்பர் கேட் அருகில் வண்டியை நிறுத்திவிட்டு, "மாட்டுன கை என்னுதுதாம்மா. தப்புதான். மன்னிச்சுக்க" என்று சொல்லி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ரேணுகா வந்து கேட் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு தேசம்மா பத்தாம் நம்பர் வாளியை எடுக்கப் போனாள்.

செல்லக்கனி எட்டாம் நாள்தான் போனாள். போகும்போதே காரணங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போனாள்.

"ரேணு, நீயே யோசிச்சுப் பாரு. வக்கீல் மேல நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு. அன்னிக்கு விட்டிருந்தேன்னா, நாளைக்கு ஐம்பத்தெட்டு வீடும் ஆளுக்கொரு காரணம் சொல்லும். நாம சேந்து போட்ட சட்டம்தானே."

"ஆமா செல்லம். நீ சரியாத்தான் செஞ்ச."

"அப்ப கோபம் இல்லையே?"

"காபி ஆறுது, குடி" என்றாள் ரேணுகா.

செல்லக்கனி குடித்தாள். குடித்துவிட்டு, பிரச்சினை முடிந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தெருக்கோடிக்குப் போய்த் தொட்டியின் மூடியைத் திறந்தாள். தொட்டிக்கு ஒரு பரிசோதனை உண்டு: நீளமான இரும்புக் கம்பியை நடுக்குவியலில் சொருகி, பத்து நிமிஷம் விட்டு, உருவித் தொட்டுப் பார்க்க வேண்டும். கம்பி சுட்டால் குவியல் நன்றாக வெந்துகொண்டிருக்கிறது, நாற்பத்தைந்து நாளில் உரம். அன்று கம்பி கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து வந்தது. ஒரு வாரத்துக்கு முன்பு போட்ட வாழைப்பழத் தோல் மஞ்சள் மாறாமல் கிடந்தது. முருங்கைக் கீரைக் காம்பு இப்போதுதான் உருவிப் போட்டதுபோல இருந்தது. காபித்தூள் சக்கையில் காபி மணத்தது.

புளித்த மோரும் வெல்லத் தண்ணீரும் ஊற்றிப் பார்த்தார்கள். சாணி கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தெரு இதற்காகக் கவலைப்பட்டது என்று சொன்னால் அது பொய். தெரு சந்தோஷப்பட்டது. நாற்றம் இல்லை, ஈ இல்லை, தொட்டி ஓரத்தில் வழிகிற கறுப்புத் தண்ணீர் இல்லை. தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். மாநகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து, மூக்கைக் குவியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சை இழுத்து, கொத்தமல்லி வாசனை வருகிறது என்று குறித்துக்கொண்டு போனார். ஆவணி மாதத்தில் 'துர்நாற்றமில்லாத் தெரு' என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்க மேடை ஏறும்போது செல்லக்கனி பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள், ரேணுகா வந்திருக்கவில்லை.

அதற்குள் மக்காமை வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. தெருவும் அதற்கு ஏற்ப வாழக் கற்றுக்கொண்டது. எதற்கும் பழகிக்கொள்வதில் சென்னைக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய வஞ்சிரம் வியாழக்கிழமையும் கண் தெளிந்து கிடந்ததால் மீன்காரி வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்று ஆனது. ஆடிவெள்ளிக்கு வைத்த மல்லிகைப்பூ நவராத்திரி வரைக்கும் தலையில் வாடாமல் இருந்ததால் பூக்காரி அந்தத் தெருப்பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டு, தாண்டிப் போகும்போது ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். மூன்று வீட்டில் ஃபிரிட்ஜை அணைத்து அதில் பழைய துணி வைத்துக்கொண்டார்கள்.

பிறகுதான் இடித்தது. இட்லி மாவு புளிக்கவில்லை. எவ்வளவு உப்புப் போட்டு எத்தனை தடவை கையால் கலக்கினாலும் அரைத்தது அரைத்தபடி அசையாமல் கிடந்தது. ஊற்றினால் இட்லி கல்லாக வந்தது. பால் தயிராகவில்லை. தினமும் பழைய சோற்றுத் தண்ணீர் குடித்துப் பழகிய நாற்பத்தோராம் நம்பர் பெரியவர், காலையில் சட்டியைத் திறந்தால் நேற்று ஊற்றிய பச்சைத் தண்ணீரே இருக்கிறது என்று கண்ணில் தண்ணீரோடு சொன்னார். மாங்காயை அரிசிப் பானையில் புதைத்து வைத்தவர்கள் மாங்காயாகவே எடுத்தார்கள். கடைசியில் இரண்டாவது குறுக்குத் தெருவில் யாருக்காவது சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று தேடி, சாயங்காலம் ஆனால் பெண்களும் ஆண்களுமாக மாவுத் தூக்கோடு வரிசையாக அந்தத் தெருவுக்குப் போய் வைத்துவிட்டு, காலையில் பொங்கி நிற்கிற மாவைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். தெருமுனையைத் தாண்டினால் எல்லாம் வழக்கம்போல் புளித்தது, பழுத்தது, அழுகியது. தேசம்மா இரண்டு கூடைக் குப்பையை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் கறுத்து, ஆவி விட்டது.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். மனுஷர்களுக்குள் இருக்கிறதும் மக்காமல் போனதுதான் கஷ்டமாகிவிட்டது. கார் நிறுத்துகிற இடத்துக்காகப் பத்து வருஷத்துக்கு முன் சண்டை போட்டு, பிறகு கல்யாணத்துக்கெல்லாம் போய்வந்த இரண்டு வீட்டுக்காரர்கள், ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே அதே சண்டையை விட்ட வார்த்தையிலிருந்து தொடங்கினார்கள். இருபத்திரண்டாம் நம்பரில் அண்ணன் தம்பி இருவர், சின்ன வயதில் யாரோ யாருடைய பங்கு அல்வாவையோ தின்றுவிட்டதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இருவருக்கும் அறுபது வயது. கோபப்பட்டவர்களின் கோபம் அப்படியே இருந்தது, அவமானப்பட்டவர்கள் காலையில் எழுந்தால் அவமானமும் கூடவே எழுந்தது. செல்லக்கனிக்கு ஒவ்வொரு நாளும் காலை ஏழரை மணிக்கு, தேசம்மா தன்னைப் பார்த்த பார்வையும், 'மாட்டுன்னா மாட்டு' என்று தன் வாயிலிருந்து வந்த சத்தமும், அப்போதுதான் நடந்ததுபோல் வந்து நின்றன. அவள் அடுக்கி வைத்திருந்த காரணங்கள் மட்டும் எப்படியோ ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன.

ஒன்பதாம் நம்பர் வீட்டில் தினமும் மூன்றாம் நாளாகவே இருந்தது. ரேணுகா அழுவது நிற்கவில்லை. கார்த்திகை போய் மார்கழி வந்தும், முந்தாநாள்தான் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதுபோல் அவள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தெருவில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. தேசம்மாதான் தொட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "இதுல நீ இன்னா ஊத்துனாலும் வேலைக்கு ஆவாதும்மா. அந்த வூட்டு துக்கம் மக்கல. அது மக்குனாத்தான் மத்ததெல்லாம் மக்கும்."

"நான்தான் போய்ப் பேசிட்டேனே."

"பேசுன. கேட்டியா?"

செல்லக்கனி அன்று மத்தியானமே போனாள். இந்தத் தடவை காரணம் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ரேணுகா பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, சங்கரனின் சட்டை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதம் ஆகியும் அந்தச் சட்டையில் அவருடைய வேர்வையும் விபூதியும் கலந்த வாசனை துளி குறையாமல் இருந்தது; செல்லக்கனிக்கே அடித்தது.

"ரேணு, நான் அன்னிக்கு…"

"வேணாம் செல்லம். இப்ப சொல்லாத." ரேணுகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை; காய்ச்சல்காரர்கள் தண்ணீர் வேண்டாம் என்று சொல்வார்களே, அப்படிச் சொன்னாள். "அவரு போனதே எனக்கு இன்னும் முந்தாநேத்துதான். நீ மாட்டினது இன்னிக்குக் காலைல. காலைல நடந்ததை மத்தியானமே எப்படி மன்னிக்கிறது, சொல்லு? வாய்ல மன்னிச்சேன்னு சொல்லிடலாம். உன்கிட்ட அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரல. கொஞ்சம் ஆறட்டும். ஆறினதும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

செல்லக்கனி தலையாட்டினாள். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது: இந்தத் தெருவில் அது எப்படி ஆறும்?

அதற்கப்புறம் அவள் செய்த காரியத்தைப் பற்றித் தெருவில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. ரேணுகாவின் மகள் நித்யா கோயமுத்தூரில் இருந்தாள். அப்பா போன நாளிலிருந்தே அம்மாவை வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரேணுகா அசையவில்லை. இப்போது செல்லக்கனி தினமும் போய் உட்கார்ந்து போகச் சொன்னாள். தெருவும் சேர்ந்துகொண்டது. மாவுத் தூக்கோடு நடந்து நடந்து கால் வலித்தவர்கள், தயிருக்கு ஏங்கியவர்கள், பத்து வருஷத்துச் சண்டையைத் தினமும் புதிதாகப் போட்டுக் களைத்தவர்கள், வக்கீல் தட்சிணாமூர்த்தி உட்பட எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, "மாறுதலா இருக்கும்மா", "பேரக் குழந்தையோட இருந்தா மனசு தேறும்மா" என்று அன்பாகச் சொன்னார்கள். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

"இங்கயே இருந்தா இந்தச் சட்டை வாசனை போகவே போகாது ரேணு" என்றாள் செல்லக்கனி.

"அதுக்குத்தானே இருக்கேன்."

"எத்தனை நாளைக்கு இப்படி?"

ரேணுகா மடியில் கிடந்த சட்டையை மடித்தாள். "நான் போனா உனக்கு நல்லாருக்குமா செல்லம்?"

இந்தக் கேள்விக்குச் செல்லக்கனி உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ போய் அழுது ஆறி என்னை மன்னித்துவிட்டால் எனக்கு ஏழரை மணி வராது, அதற்காகத்தான் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ரேணுகா சிரித்திருப்பாள், ஒருவேளை அந்த இடத்திலேயே மன்னித்தும் இருப்பாள். முப்பது வீட்டில் சேர்ந்து காபி குடித்தவர்கள் அவர்கள். ஆனால் அவள், "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள்.

பத்தொன்பது வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டை ரேணுகா தை மாதம் காலி செய்தாள். சாமான் கட்டுவதில் பாதி வேலை செல்லக்கனிதான் செய்தாள். எது கோயமுத்தூருக்கு, எது கொடுப்பதற்கு, எது எறிவதற்கு என்று அவள் கை படபடவென்று பிரித்தது. சட்டைகளை ஒரு பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். ரேணுகா வண்டியில் ஏறும்போது, "கூப்பிடறேன்" என்றாள். தெருவே வாசலில் நின்று கையாட்டியது.

வண்டி போன அன்றே மக்கிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மாசி முழுவதும் குவியல் குளிர்ந்தே கிடந்தது. நாலு தொட்டியும் நிரம்பி, பக்கத்தில் மேலும் இரண்டு கட்டி, அதுவும் நிரம்பி, தெருக்கோடியில் பூசணித் தோலும் தர்பூசணித் தோலுமாக ஒரு குன்று பச்சையும் சிவப்புமாகப் பளபளத்தது. செல்லக்கனி தினமும் கம்பியைச் சொருகி எடுத்தாள். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். குளிக்கப் போகும்போது குளியலறை ஜன்னலில் வைத்தாள். ரேணுகாவின் போன் வரவில்லை. ஆற நேரம் பிடிக்கும்தானே, கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவளும் கூப்பிடவில்லை.

பங்குனி கடைசியில், ஒரு புதன்கிழமை காலையில், கம்பி சுட்டது.

முதலில் வெயில் என்று நினைத்தாள். மறுபடி சொருகி எடுத்தாள். விரலைச் சுட்டுவிட்டது. மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஆவி கிளம்பி, அதோடு ஒன்பது மாதமாகத் தெருவே மறந்திருந்த வாடை, வயிற்றைப் புரட்டுகிற அந்தப் பழைய வாடை, குப்பென்று வந்து முகத்தில் அடித்தது. தேசம்மா வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து மூக்கை விரித்து இழுத்து, "வந்துடுச்சும்மா" என்றாள். அடுத்த நிமிஷம் தெரு முழுக்க ஜன்னல்கள் படார் படாரென்று சாத்தப்பட்டன. சாத்தினவர்கள் எல்லோரும் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று பல வீட்டில் மாவு பாத்திரத்தை மீறி மேடையெல்லாம் வழிந்தது. நவராத்திரிப் பூ ஒரே நாளில் காய்ந்து உதிர்ந்தது. அல்வா அண்ணன் தம்பிகள் எதற்குப் பேசாமல் இருக்கிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

ரேணு மன்னித்துவிட்டாள் என்று செல்லக்கனி நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்? கையைக்கூடக் கழுவாமல், தொட்டிப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"யாரு? அட, செல்லக்கனியா. எப்படி இருக்கீங்க?" ரேணுகாவின் குரல் நன்றாக இருந்தது. சதை போட்ட குரலாக இருந்தது. செல்லம் என்று கூப்பிடாததையும், மரியாதை வைத்துப் பேசியதையும் செல்லக்கனி கவனித்தாள். மறந்துபோய்ச் சொல்கிறாள், பேசப் பேசச் சரியாகிவிடும் என்று விட்டாள்.

ரேணுகா கோயமுத்தூர் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். பேத்தி பரதநாட்டியம் போவதைச் சொன்னாள். தானும் அங்கே ஒரு மொட்டைமாடியில் தக்காளி போட்டிருப்பதைச் சொன்னாள். "அவரு சட்டையெல்லாம் நித்யா துவைச்சு ஆசிரமத்துக்குக் குடுத்துட்டா. வச்சுக்கிட்டு என்ன பண்றது, வாசனையும் போயிடுச்சு. நல்லதுதான். இப்பல்லாம் நல்லாத் தூங்கறேன்."

"ரேணு." செல்லக்கனி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "என்னை மன்னிச்சிட்டியா?"

"எதுக்கு?"

"அன்னிக்கு… உன் வீட்டு கேட்ல சீட்டு மாட்டினதுக்கு."

 ரேணுகா நிஜமாகவே யோசித்தாள். "எந்தச் சீட்டு? சீட்டெல்லாம் நான்தானே எழுதுவேன். எங்க வீட்டுக்கா மாட்டினோம்?"

செல்லக்கனி சொல்லத் தொடங்கினாள். பச்சை வாளி, மாலை, வக்கீல், காபி டம்ளர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல ரேணுகா உச்சுக்கொட்டினாள். "அப்படியா பண்ணீங்க? பாவம். எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்ல. அந்த நாளெல்லாம் ஒரே புகையா இருக்கு." பிறகு திடீரென்று பிரகாசமாகி, "தேசம்மா எப்படி இருக்கா? அவளை மறக்கவே முடியல. அவரு போனப்ப ஒருநாள் கேட்டுக்கு வெளிய நின்னு அப்படி அழுதா. எதுக்கு அழுதான்னு தெரியல, ஆனா அழுதது அப்படியே கண்ணுல இருக்கு. அவ கையைப் பிடிச்சுக்கிட்டது ஞாபகம் இருக்கு. அவளைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

"சொல்றேன்."

"நீங்க ஏன் ஒரு மாதிரி பேசறீங்க? அதுக்கென்ன இப்ப, மன்னிக்கணுமா? சரி, மன்னிச்சிட்டேன். போதுமா?" ரேணுகா சிரித்தாள். பேத்தி ஏதோ கேட்கும் சத்தம் வந்தது. "வைக்கட்டுமா? அடுப்புல பால் இருக்கு."

கேட்ட வார்த்தை கிடைத்துவிட்டது. எதற்கென்று தெரியாமல் கொடுத்த வார்த்தை அது. பேச்சை முடிப்பதற்காக யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். செல்லக்கனி போனை மடியில் வைத்தாள். முதல் நாளே, எட்டாம் நாளாவது, ஒரு காரணமும் சொல்லாமல் போய் நின்றிருந்தால், அவள் மறக்கிறபோது அதையும் சேர்த்து மறக்காமல் இருந்திருப்பாள். இப்போது பத்தொன்பது வருஷத்துச் சிநேகிதியின் மனதில் குப்பைக்காரியின் அழுகை இருக்கிறது, தான் இல்லை. மன்னிப்பதற்கு அங்கே ஆளே இல்லை.

தேசம்மா குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா சொல்லிச்சு?"

"உன்னைக் கேட்டா" என்றாள் செல்லக்கனி.

எழுந்து நடந்தாள். தனக்குள்ளேயும் ஏதோ இளகத் தொடங்கியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஒன்பது மாதமாகக் கத்தி மாதிரி இருந்தது இன்று காலை கொஞ்சம் மழுங்கியிருந்தது. குவியலின் கணக்கு அவளுக்கு அத்துப்படி. இன்னும் நாற்பத்தைந்து நாளில் அவளுக்கும் ஒன்றும் இருக்காது. யாரும் மன்னிக்காமலே எல்லாம் சரியாகிப்போய்விடும். அது வேண்டாம் என்று இருந்தது. அது அப்படிச் சும்மா போய்விடக் கூடாது என்று, வாழ்க்கையில் எதையும் அப்படி வேண்டாம் என்று நினைக்காத அளவுக்கு நினைத்தாள்.

ஒன்பதாம் நம்பர் கேட் அருகில் வந்ததும் கால் நின்றுவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை அவ்வளவு சுலபத்தில் வருகிற சுபாவம் இல்லை. அலுவலகத்திலும் இல்லை, வீட்டில் சாவு விழுந்தபோதும் இல்லை. இப்போது வந்தது. தெருவில் போகிறவர்கள் பார்க்க, மாடியில் யார் நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்காமல், "ரேணு, தப்பு பண்ணிட்டேன். என் மேலதான் தப்பு" என்று கம்பிகளுக்கு நடுவே உள்ளே பார்த்துச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே வந்தாள். மாசி மாதம்தான் குடிவந்தவள். தெருவில் யாரையும் இன்னும் சரியாகத் தெரியாது. பதறிப்போய் கேட்டைத் திறந்து, "என்னம்மா ஆச்சு? யாரு வேணும்?" என்று கேட்டாள்.

செல்லக்கனி ரேணுகாவின் பெயரைச் சொன்னாள்.

"அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களேம்மா" என்றாள் அந்தப் பெண்.